மங்கிக் கிடந்த பொத்தான்

அந்த மருந்துக் கிடங்கில் எல்லோருக்கும் அவர் 'சாவியண்ணன்'. கடைக்காரர் ஆர்டர் போட, இருப்புக் கணக்கில் சரக்கு கழிய, பில் அச்சாகி வர, எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். ஆனால் இவர் தன் திரையில் 'அனுமதி' என்று தட்டினால்தான் வண்டிக்குக் கேட் திறக்கும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி. மேலாளர் ஓய்வு பெற்றபோது, "தற்காலிகமா நீயே பாத்துக்கப்பா" என்று அந்தப் பொறுப்பையும் இவர் பெயரில் ஏற்றினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினார். தற்காலிகம் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மனைவிக்கு வேலை வேறு ஊரில். மகளும் அங்கேதான், இவரை 'ஃபோன் அப்பா' என்கிறாள். அந்த ஊர்க் கிளையில் இப்போது ஓர் இடம் காலி. இன்று மாலை ஐந்து மணிக்குள் இடமாற்ற விண்ணப்பம் மேலே போயாக வேண்டும்.

காலையிலேயே அனுப்பினார். அது ஒரு சுற்றுச் சுற்றி இவர் திரைக்கே வந்து நின்றது. மேலாளர் அனுமதிக்க வேண்டும், மேலாளர் இவரே. தன் விண்ணப்பத்துக்குத் தானே அனுமதி தரக்கூடாது என்பது விதி. பொத்தான் மங்கிக் கிடந்தது.

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவுப் பெண் நாலரைக்குத்தான் லைனில் கிடைத்தாள்.

"எனக்கு நானே மாமியார் ஆன கதையால்ல இருக்கு, என்னம்மா இது?"

சிரித்துவிட்டாள். "பொறுப்ப உங்க பேர்லேர்ந்து எடுத்துட்டா விண்ணப்பம் தானா மேல போயிடும் சார். ஆனா கேட் அனுமதியும் அதோட போயிடும், புது ஆள் போடுற வரைக்கும் உங்க கிடங்குலேர்ந்து ஒரு மாத்திரைகூட வெளிய போகாது. எடுத்துடவா?"

வெளியே ஹாரன் அலறியது.

"நிக்கிற வண்டிய மட்டும் அனுப்பிட்டுச் சொல்றேம்மா."

ஒன்றைத் தட்டினார். அது கேட்டைத் தாண்டுவதற்குள் திரையில் இன்னும் இரண்டு முளைத்தன, 'அவசரம்' என்று சிவப்பு எழுத்தில்.

"சார், மணி ஆகுது."

"இதோம்மா. இது குழந்தைங்க வார்டுக்குப் போறது. இத நிறுத்திட்டு நான் எப்படி..."

அதைத் தட்டினார். அடுத்தது வந்தது. அதையும் தட்டினார்.

"சார்... அஞ்சாயிடுச்சு. விண்ணப்பம் மூடிடுச்சு."

"பாத்தேன். வச்சிடுங்கம்மா."

கடைசி வண்டியின் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். "அண்ணே, அண்ணி ஊருக்குத்தான் போறேன். பாப்பாவுக்கு ஏதாச்சும் குடுத்து விடுறீங்களா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாப் பக்கமும் அட்டைப்பெட்டிகள்.

"பில் இல்லாம இங்கேர்ந்து எதுவும் வெளிய போக முடியாது, தம்பி" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு அனுமதியைத் தட்டினார். கேட் திறந்தது.