பெஞ்சின் மேல் நடந்த பாப்பாத்தி

எழுபதுகளின் கடைசியில் மோகனூர் பக்கம் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தேன். நடந்தால் தடுமாறுகிற, ஓடினால் விழுந்துவிடுகிற எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துத் தினமும் காலையில் உடற்பயிற்சி கொடுக்கச் சொன்னார் தலைமையாசிரியர். வாலிபால் டீமைப் பார்க்க வேண்டியவனை இதற்குப் போட்டுவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி ஆறாம் வகுப்புப் பாப்பாத்தி. கைகளை விரித்துக்கொண்டு பெஞ்சின் மேல் நடக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் அவளால் இரண்டடி தாண்ட முடியவில்லை. ஒருநாள் பாதி பெஞ்சைத் தாண்டிவிட்டாள். மற்ற பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அவள் காதருகே போய் விசிலை ஊதினேன். விளையாட்டுக்குத்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். விழுந்ததில் அவள் முழங்கை முறிந்தது.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார்.

"எப்படிங்க சார் உழுந்தா?"

"கவனமில்லாம நடந்துட்டாளுங்க."

கட்டுப்போட்ட கையோடு நின்றவளை அவர் கன்னத்தில் அறைந்தார். "சார் உனக்காக இத்தனை பாடுபடறாரு, உனக்குக் கவனம் எங்க போச்சு?" பிறகு என்னைக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க சாமி."

பாப்பாத்தி வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஏழு பிள்ளைகளும் பேசவில்லை. அப்பாவும் மகளும் பள்ளி வாசலைத் தாண்டும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மணியடித்துவிட்டதென்று வகுப்புக்குப் போய்விட்டேன். அவள் அதன்பிறகு பள்ளிக்கு வரவேயில்லை.

என்னிடம் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது பயம் ஒன்றைத்தான். அது அன்று எனக்கு வசதியாக இருந்தது.