சாயங்காலம் வந்த தபால்காரர்

எனக்கு எழுபத்தாறு வயசு. வைத்திக்குப்பத்தில் மீன் வித்தே அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். எங்க தபால்காரர் ஒல்லியா, நரைச்ச மீசையோட இருப்பார். ஒருநாள் காலையில் காக்கிச் சட்டையில் தபால் கொடுத்தவர், சாயங்காலம் வெள்ளைச் சட்டையில் திரும்ப வந்தார். எங்க தபால் ஆபீசை மூடக்கூடாதுன்னு பார்லிமெண்டில் பேசச் சொல்லி, அவங்க சங்கம் எம்.பி.க்குக் கொடுக்கிற மனுவில் கையெழுத்துக் கேட்டார். அதை மூடினா வேற தபால் ஆபீசுக்கு நான் பஸ் ஏறித்தான் போகணும்.

"காலையிலயே கேக்கிறதுதானே?"

"காக்கியில கேட்டா, தபால் வராதுன்னு பயந்து கையெழுத்துப் போடுவீங்கம்மா. இப்பன்னா முடியாதுன்னு சொல்லலாம்."

கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினார். அதைத் தள்ளிவிட்டுப் பேனா வாங்கி, முழுப்பேரும் எழுதினேன். அவசரப்படுத்தாமல் நின்றார்.

மறுநாள் காலையில் காக்கியில் வந்தவர்கிட்ட, "மனு என்னாச்சு?"ன்னு கேட்டேன்.

"சாயங்காலம் வந்து சொல்றேம்மா"ன்னுட்டுச் சைக்கிளை மிதிச்சார்.

அவருக்கு மரியாதை காக்கி மேலயா, எங்க மேலயான்னு இன்னும் புரியல.

பாப்பா, நான் சொல்லச் சொல்ல எழுதினியே, இதை வாசிச்சுக் காட்டு. அவர் சொன்னது மாறாம இருக்கான்னு பார்ப்போம்.