மூச்சைச் சலித்த பெட்டி

மதாம் வீட்டு மாடியறையில் இருந்த அந்தப் பெட்டியை முதலில் நான் ஏதோ பழைய ரேடியோ என்றுதான் நினைத்தேன். இரண்டு பக்கமும் மரப்பலகை, நடுவில் கறுப்புத் தகடு, தகடு நிறையத் திருகுகள். கீழே ஆர்மோனியத்தில் இருப்பதுபோல வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். காலையில் சமையலை முடித்துவிட்டு நான் மாடி பெருக்கப் போகும்போது அதன்மேல் துணி போர்த்தியிருக்கும். அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் சுற்றிப் பெருக்கிவிட்டு இறங்கிவிடுவேன்.

மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை, எங்கள் ஊர்க்காரர்தான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் சின்ன வயசிலேயே அந்த நாட்டுக்குப் போய்ப் படித்து, அங்கே நாடகங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர், அம்மா காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். அதிர்ந்து பேச மாட்டார். நானும் பேசாதவள். அந்த வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம்.

ஒரு நாள் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேலே ஆர்மோனியம் வாசிப்பது கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கம்பளிக்குள் போய்விட்டது. பிறகு மெல்ல வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போனது. யாரோ கதவைச் சாத்திச் சாத்தித் திறப்பதுபோல. ஆனால் மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது, கீழேயிருந்தே தெரிந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போய், காலையில் பெருக்கிய அறையையே மறுபடியும் பெருக்கினேன்.

"இன்னிக்கு ரெண்டாவது வாட்டி பெருக்கறீங்கம்மா. கிட்ட வந்து பாருங்க, அது கடிக்காது" என்றார் மதாம்.

ஆர்மோனியத்தின் முன்னால் ஒரு மைக் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டியில் அவர் ஒரு கட்டையை முழங்கையால் அழுத்திக்கொண்டு, திருகைத் திருப்பினார்.

"இதுக்குச் சொந்தக் குரல் போயிடுச்சும்மா. கடல் காத்துல உள்ள இருந்ததெல்லாம் துருப் புடிச்சிடுச்சு. பில்டர் மட்டும்தான் நல்லா இருக்கு. அதனால வெளியேர்ந்து எதாவது சத்தத்த உள்ள உட்டு, சலிச்சு எடுக்கறேன்."

எனக்குத் தெரிந்த பில்டர் காபி பில்டர்தான். அதில் டிகாக்‌ஷன் கீழே இறங்கும், சக்கை மேலே நிற்கும். ஒரு சத்தத்தில் எது டிகாக்‌ஷன், எது சக்கை? கேட்க ஆசையாக இருந்தது, வாய் வரவில்லை. மதாமே காட்டினார். அந்த ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்திருந்தது, வாசிக்க வாசிக்கப் புஸ் புஸ் என்று காற்றுப் போகும். வாசித்ததைப் பதிவு செய்து, எனக்கு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். புஸ் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. அப்புறம் வேறொரு திருகைக் கூட்டினார். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சிணுங்குமே, அப்படிப் பெட்டி தானாகவே சிணுங்க ஆரம்பித்தது. நான் அடுப்பை அணைக்கக் கீழே ஓடப் பார்த்தேன்.

"கட்டையிலேர்ந்து விரல எடுத்தா கப்புனு நின்னுடும்" என்று எடுத்துக் காட்டினார். நின்றது. அமுக்கினால் கதவு திறக்கும், எடுத்தால் சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான் அந்தக் கட்டைக்கு வேலை.

அந்தப் புஸ் காணாமல் போனதுதான் என் மனசில் உட்கார்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடின பிறகு ஊரை ஒட்டி இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் இருந்தார். ஆனால் ஊரில் கேட்டால் அவரைக் கிளாரினெட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பேண்டு செட்டில் கல்யாணம், சாமி புறப்பாடு, மாதா தேர் எல்லாவற்றுக்கும் போவார். பஞ்சுத்தூள் நெஞ்சில் தங்கி, வயசாக ஆக மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வாசிப்புக்கு நடுவில் கர்ர் என்று வரும். போன மாசி மகத்தில் பேண்டுக்காரர்கள், "நீங்க ஒக்காந்து கேளுங்கண்ணே, பசங்க வாசிக்கட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். வந்தவர் கிளாரினெட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். அதற்கப்புறம் அவர் டிவியில் பாட்டு வந்தால்கூட மாற்றிவிடுவார். மூச்சு இழுப்பது எனக்குப் பழகிவிட்டது. அந்த வாத்தியம் பரணிலேயே கிடந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பயம்.

மதாம் ஒரு நாட்டியத்துக்கு இசை செய்துகொண்டிருந்தார். ஊதுகிற வாத்தியம் ஏதாவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முழுக்க நெஞ்சுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு, கடைசியில் தேய்க்கிற பாத்திரத்தைப் பார்த்தபடி சொன்னேன், "எங்க ஊட்டுக்காரரு கிளாரினெட்டு வாசிப்பாரு."

"இத்தன நாள் சொல்லவே இல்லயே?" என்றார் மதாம்.

வீட்டில் அது அவ்வளவு லேசாக முடியவில்லை.

"என்னாமே வெளையாடறியா? சும்மா ஒக்காந்தாலே கர்ர்னு தெருவக் கூப்புடுது. இதுல மைக்குல வாசிக்கணுமா?"

"அந்தப் பெட்டி அத்த எடுத்துடுதுங்க. நான் பார்த்தன்."

"எத்த?"

"அந்த இழுப்ப."

"மூச்ச எடுக்கறதுக்கு எமன் போதும், பெட்டி எதுக்குமே?"

நான் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவரே சொன்னார், "வரேன். ஆனா அந்தப் பெட்டியில என் இழுப்பு கேட்டுச்சு, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. கிளாரினெட்ட எவனுக்காவது குடுத்துடுவேன்."

தேங்காய்த்திட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனோம். மதாம் வீட்டுப் படியேற அவருக்கு நேரமாயிற்று. நான் பின்னால் ஏறினேன். அவர் நிற்கும்போதெல்லாம் நானும் சுவரில் எதையோ பார்ப்பதுபோல நின்றேன்.

மதாம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கைக் கிட்டே இழுத்தார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். நான் கதவோரம் கை கால் ஓடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க இந்தக் கட்டைய அமுக்கிப் புடிங்க. எனக்கு ரெண்டு கையும் திருகுல இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் ஒரு மெட்டைத் தொடங்கினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு. முதல் இரண்டு வரி தண்ணீர் மாதிரி ஓடியது. மூன்றாவதில் நீட்டிப் பிடித்த இடத்தில் கர்ர் என்று வந்தது. என் விரல் தானாக மேலே எழும்பிவிட்டது. இழுப்பு அடங்கியதும் மறுபடியும் அமுக்கினேன். அடுத்த வரியிலும் அப்படியே.

மதாம் முகம் சுளித்தார். "நடுவுல நடுவுல அறுந்து போகுதே" என்று பெட்டியைத் தட்டினார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மறுபடியும் அறுந்தது. கட்டைக்கு அடியில் துருவாக இருக்கும் என்று சொல்லி, ஸ்குரூ டிரைவரால் மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அறையெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை. "இதுவும் போச்சுன்னா அப்புறம் இது வெறும் பலகைதான்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று கிட்டே போனேன், ஸ்பிரிட் பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"மதாம், பெட்டிய மூடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "துரு அதுல இல்ல. இவ விரல்ல இருக்குது."

மதாம் என்னைப் பார்த்தார்.

"எனக்கு இழுக்கறப்பெல்லாம் இவ விரல எடுக்கறா. ஊட்லயும் இதே வேலதான். யாராவது வந்திருக்கறப்ப எனக்கு இழுத்தா, போய்க் கொழாயத் தெறந்து உட்டுடுவா. எத்தினி கொடம் தண்ணி வீணாப் போயிருக்கும்."

குழாய் விஷயம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

மதாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா அம்மா, அந்த இழுப்பு பதிவுல போகவே இல்லயே. நீங்க ரூம்ல கேக்கறீங்க. பெட்டிக்கு அந்தாண்ட அது கிடையாது. இருங்க" என்று பதிவானதைப் போட்டு, ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். கொண்டையில் இடித்தது. பிடித்துக்கொண்டு கேட்டேன். என் விரல் அறுத்த இடங்கள் பல்லுப் போன வாய்போலத் தெரிந்தன. மற்றபடி கிளாரினெட்டு மட்டும்தான், வழவழவென்று. இழுப்பே இல்லை. காதுக்கு வெளியே ஒரு மனிதர், காதுக்குள்ளே வேறொரு மனிதர்.

அவருக்கும் மாட்டிவிட்டார். வெகு நேரம் தலையைக் குனிந்து கேட்டார்.

"யாரு வாசிக்கறது?"

"நீங்கதான் ஐயா."

"நான் வாசிச்ச மெட்டுதான். ஆனா ரோட்டுக்கு அந்தாண்ட ஏதோ மண்டபத்துல எவனோ வாசிக்கறாப்பல இருக்குது." ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "நல்லாத்தான் இருக்குது மதாம். சுத்தமா இருக்குது. இத்தயே வெச்சிக்குங்க" என்று கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்ற ஆரம்பித்தார்.

அவர் கேட்டபடிதான் நடந்தது. இழுப்பு கேட்கவில்லை. அப்படியும் வாத்தியம் அதன் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவரை நிறுத்தத்தான் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆர்மோனியத்தில் புஸ் போன நாளிலிருந்து உள்ளே அரித்துக்கொண்டிருந்த கேள்வி, அந்த நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

"மதாம், சலிச்சதெல்லாம் எங்க போவுது?"

மதாம் திரும்பினார். "என்ன?"

"சக்கை. அத்த மட்டும் கேக்க முடியாதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முடியும். இதுல ரெண்டு பில்டர் இருக்கு. ஒண்ணு மேல இருக்கறத வெட்டும், இன்னொண்ணு கீழ இருக்கறத வெட்டும். இத மூடிட்டு அத ஏத்தினா, நான் தூக்கிப் போட்டது மட்டும் நிக்கும்." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆனா இப்ப பதிவுல அது இல்ல. ஐயா இன்னொரு வாட்டி வாசிச்சாத்தான் உண்டு" என்றார்.

அவர் கையில் பாதி கழன்ற கிளாரினெட்டு. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு துண்டுகளை மறுபடியும் மாட்டினார்.

"சக்கையில என்னாதான் இருக்குதுன்னு பார்த்துடலாம். ஏமே, விரல எடுத்த, ஒதைதான்."

இந்த முறை இடது கையால் வலது விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இழுப்பு வந்தது. நான் சுவரைப் பார்த்தேன். மறுபடியும் வந்தது. விரல் நுனி வெளுத்துப் போயிற்று, ஆனால் எடுக்கவில்லை.

மதாம் அதை ஒலிபெருக்கியில் போட்டார். பாட்டு ஒரு நூல் மாதிரி எங்கேயோ தூரத்தில் இருந்தது. மற்றதெல்லாம் வேறு. கீக்கள் மூடித் திறக்கும் டொக், டொக். உதடு ஒட்டிப் பிரியும் சத்தம். குழாய்க்குள் காற்று ஓடுவது. நடுநடுவே அந்தக் கர்ர், கிடுகுக் கூரைமேல் தூறல் விழுவதுபோல. இத்தனை சத்தமும் இவ்வளவு நாளும் பாட்டுக்குள்ளேயேவா இருந்தன? கல்யாணம் ஆனதிலிருந்து கேட்கிறேன், ஒரு நாளும் காதில் விழுந்ததில்லையே.

அவர் ஒலிபெருக்கியின் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "இந்த டொக்கு மூணாவது கீ. அதுக்கு அடியில வெக்கிற மெத்த தேஞ்சுடுச்சு, நான் சொல்லல?" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. திருப்பி அந்த எடத்தப் போடுங்க."

போட்டார்.

"இங்க பாரு, வரி முடியறதுக்கு முன்னயே மூச்சு வாங்கறேன். இங்கயும் அப்படித்தான். இழுத்துடுமோன்னு பயந்துகினு நடுவழியில வாங்கிடறேன். அதான் இழுக்குது. வரி முடிஞ்சப்புறம் வாங்கினா மெட்டே நின்னு எடம் குடுக்குமே." அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. மேஸ்திரி வேறொருவன் கட்டிய சுவரைப் பார்ப்பதுபோல அந்தச் சத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம், அந்தத் திருகு எது? நான் தொடலாமா?"

இந்த முறை சலிக்காமலும் சேர்த்துப் பதிந்திருந்த முழுச் சத்தத்தைப் பெட்டிக்குள் ஓடவிட்டு, இரண்டு திருகையும் அவர் கையிலேயே கொடுத்தார் மதாம். அவர் ஒன்றை ஏற்றினார், மற்றதை இறக்கினார். பாட்டு வந்தது, மூச்சு போனது. மூச்சு வந்தது, பாட்டு போனது. குழந்தை பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல எவ்வளவு நேரம் செய்தார் என்று தெரியாது. கடைசியில் ஓரிடத்தில் கையை எடுத்தார்.

"இங்க நிக்கட்டும்."

"இங்க நிறுத்தினா மூச்சு கேக்குமே ஐயா" என்றார் மதாம்.

"கேக்கட்டும். மூச்சு உடாம எவன் கிளாரினெட்டு வாசிக்கறான்?"

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். முன்போல நீட்டவில்லை. வரிகளைச் சின்னதாக்கிக்கொண்டார். மெட்டு எங்கே நின்று இடம் கொடுக்கிறதோ அங்கே மூச்சு வாங்கினார், அவசரப்படாமல். ஓரிடத்தில் நன்றாகவே இழுத்துவிட்டது. அப்போது அவர் கண் என் விரலுக்கு வந்தது. நான் அதை அசைக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

முடிந்ததும் மதாம் ஹெட்போனைக் கழற்றி, "போன்" என்றார். அது பிரெஞ்சில் நல்லது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

படி இறங்கும்போது அவர் பாதியில் நின்றார். மூச்சு வாங்கத்தான் என்று நினைத்து நானும் நின்றேன். அவர் கிளாரினெட்டுப் பெட்டியைத் திறந்து, ஊதுகிற இடத்தில் இருக்கும் சின்ன நாணல் பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏமே, இந்த ரீடு ஓரம் பிஞ்சிருக்குது. இத்த வெச்சிகினு ஓட்ட முடியாது. பெரிய மார்க்கெட் பக்கத்துல வாத்தியக் கட ஒண்ணு இருந்துச்சே, இன்னும் இருக்குதா?"

"தெரியலிங்க."

"போய் மதாமக் கேட்டுட்டு வா."

நான் திரும்பி மேலே ஏறினேன்.