நானும் மாமியாரும் சேர்ந்து விழுந்த காலை

தோணி வருகிறது என்றால் எங்கள் தெருவில் அடுப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாய்மரப் பாயில் தைத்திருக்கும் ஒட்டுத்துணியை வைத்தே எங்கள் தெருப் பெண்கள் இன்ன தோணி என்று சொல்லிவிடுவார்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன என் கணவரின் தோணிக்குப் பெரிய பாயின் கீழ்மூலையில் காவி நிறத் துண்டு. எனக்கும் மாமியாருக்கும் கடிதம், தந்தி எல்லாம் அந்தத் துண்டுதான்.

அன்று காலை, "காவி ஒட்டு தெரியுது!" என்று யாரோ கத்தினார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டிய என் மாமியார் அரைத்த மசாலாவை அம்மியிலேயே விட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கரையில் இறங்குகிற படிக்கற்களில் பச்சைப் பாசி. முதல் கல்லிலேயே அவருக்குக் கால் வழுக்கியது. பாய்ந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். அவர் கனம் என்னையும் இழுக்க, இரண்டு பேரும் ஒரு கையை முன்னே ஊன்றிக் குப்புற விழுந்தோம்.

பின்னால் வந்தவர்கள் கண்ணில் பட்டது அவர்மேல் இருந்த என் மறு கை மட்டும்தான். நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டேன். அவரால் எழ முடியவில்லை. மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கிடந்தது. ஆசுபத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு துண்டு துண்டாகப் போயிருக்கிறது, நாளைக்கு மாவுக்கட்டுப் போடலாம் என்று பலகை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அவ்வளவுதான், தெரு தீர்ப்பு எழுதிவிட்டது.

"ரெண்டு பேரும் சேந்து விழுந்தா கெழவிக்கு மட்டும் எப்படி நொறுங்கும்?" என்று எதிர்வீட்டு அக்கா வீடுவீடாகக் கேட்டாள். "இவ தள்ளிவிட்டுட்டு மேல விழுந்திருக்கா."

"நான் வழுக்கித்தாம்ளா விழுந்தேன்" என்று மாமியார் சொல்லச் சொல்ல, மருமகளுக்குப் பயந்து மறைக்கிறாள் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிர்வீட்டுக் கதவை உடைத்திருப்பேன். உடைக்கக் கைதான் இல்லை. என் வலது மணிக்கட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. வலிக்கிறது என்றால் நடிக்கிறாள் என்பார்கள். வாயே திறக்காமல் இடது கையால் சோறு வடித்தேன்.

கணவர் கரையில் கால் வைத்ததும் இந்தச் செய்தியைத்தான் முதலில் காதில் போட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனார். இவரும் நம்பிவிட்டால் இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு இருப்பது?

மறுநாள் காலை மூவருமாக ஆசுபத்திரிக்குப் போனோம். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என் கணவர் என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"யாரும் தள்ளிவிடாம இந்தளவுக்கு நொறுங்குமா சார்?"

நான் நின்ற இடத்திலேயே செத்தேன்.

"தள்ளினாங்களா வழுக்கினாங்களான்னு படம் சொல்லாது" என்ற டாக்டர் சட்டென்று என்னைப் பார்த்தார். மாமியாரின் பையை நான் இடது கையால் வாங்கியதைக் கவனித்துவிட்டார். "உங்க வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லுதா!" என்றார் மாமியார். "என்னைப் பிடிக்க வந்து அவளும் கைய ஊனித்தான் விழுந்தா. அவளுக்கும் ஒரு படம் எடுங்க டாக்டரே!"

ஈரம் காயாமலே என் படம் வந்தது. டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு எங்களைக் கிட்டே கூப்பிட்டார். மாமியாருக்கு நொறுங்கிய அதே இடத்தில் எனக்கு எலும்பில் மெல்லிய கீறல் ஒன்று!

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கைய ஊனியிருக்காங்க. அடி ஒண்ணு, எலும்புதான் வேற வேற. மருமகளோட எலும்பு ஓரத்தப் பாருங்க, வெள்ளையா, தடிப்பா இருக்கு. அம்மாவுக்குப் பென்சில் கோடு மாதிரி இருக்கு. தீட்டு நின்ன பிறகு பெண்களுக்கு எலும்போட அடர்த்தி கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். வெளியே தெரியாது. இப்படி ஆன எலும்பு, நின்ன இடத்துல விழுந்தாலே நொறுங்கிரும். அதுக்கு யாரும் தள்ளணும்னு இல்ல."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கை முறிந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமியாரோ தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டுச் சுமந்த கையி, உள்ள ஒண்ணுமில்லாமப் போச்சே" என்று கண் கலங்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் தோளை அணைத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் கைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்ததும் கணவர் மெதுவாகக் கேட்டார். "வலிக்குதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க டாக்டர்கிட்டதானே கேட்டீங்க. எங்கிட்ட எங்க கேட்டீங்க?"

அவர் வீடு வரைக்கும் தலையைக் குனிந்தபடியே நடந்தார்.

தோணியில் சோறாக்கிப் பழகியவர்தான் அவர். ஆனால் கரையில் ஓர் ஆண்பிள்ளை மீன் கழுவி எங்கள் தெரு பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் மீனையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு, கொல்லைக்குப் போகாமல் நேரே தெருவாசலில் போய் உட்கார்ந்தார். எதிர்வீட்டு அக்கா வாயைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"என்ன தம்பி, நீயா மீன் அறுக்கே?"

"ஆமாக்கா" என்று தெருமுனை வரை கேட்கிற குரலில் சொன்னார். "எங்கம்மாவத் தாங்கப் போயி எம் பொஞ்சாதிக்கும் கை ஒடஞ்சிட்டு."

உள்ளே படுத்திருந்த நான் மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்துவிட்டேன்.

"என்ன சொன்னீங்க? எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன்.

செதில் ஒட்டிய கையோடு எழுந்து நின்று, இன்னும் உரக்கச் சொன்னார்.