முன்சுவருக்கு மட்டும்

போன கிழமை அன்புவழிபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். "கொழும்பிலயிருந்து ஆரோ பெரிய ஆள் வாறாராம்" என்றார் ஆட்டோக்காரர். பெயின்ற் மணத்துக்குத் தலையிடி வருகிறவர்கள் உண்டு. எனக்கு ஆத்திரம் வரும். ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் முதல் நியமனம் இறக்கக்கண்டிக்கு அப்பால் ஒரு சின்னக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு. கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் குடையுமாக, நாட்டையே திருத்தப் போகிறவளைப் போலப் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கடற்காற்று முதல் நாளே குடையைத் திருத்திவிட்டது. அங்கே வகுப்பறைகள் இருந்தன. கரும்பலகை இருந்தது. காயும் கருவாட்டின் மணம் எல்லாப் பாடங்களிலும் இருந்தது. மலசலகூடம்தான் இல்லை. பழையது இடிந்து கனகாலம். பிள்ளைகள் பின்னாலிருந்த பற்றைக்குள் போய்வந்தார்கள்.

கருவாடு என்றதும் தர்சினிதான் நினைவில் வருகிறாள். காலையில் தாய்க்கு மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள்; மணிக்கட்டில் செதில் ஒட்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு. நான் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். என் பிழையையும் இரண்டு தடவை பிடித்திருக்கிறாள். திடீரென்று ஒருநாள் முதல் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாய் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ரீச்சர், அவள் பெரியபிள்ளையாகிட்டாள். குமர்ப்பிள்ளையைப் பற்றைக்குள்ள போகவிட்டிட்டு என்னால வீட்டில இருக்க ஏலாது. ஒரு கக்கூஸ் கட்டித் தாங்கோ, அடுத்த நாளே அனுப்புறன்."

கதவடியில் நின்ற தர்சினி, "வடிவாக் கேட்டுப் பாருங்கோ ரீச்சர்" என்றாள்.

வடிவாகத்தான் கேட்டேன். என் கடிதத் தமிழில் மயங்கி அமைச்சே எழுந்து வந்துவிடும் என்று நம்பிய வயது அது. நகரத்து மாகாணக் கல்விக் கந்தோரில், "கட்டட வேலைக்கு மத்திய அரசில இருந்துதான் காசு வரவேணும்" என்றார்கள். மத்திய அமைச்சிலிருந்து, உங்களுடையது மாகாணப் பாடசாலை, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. தர்சினியின் தகப்பன் வாங்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரி எடுக்கும்போது மட்டும் அவர் எந்தப் பாடசாலைப் பிள்ளையின் தகப்பன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த வருடம் ஒரு வாகனம் வந்தது. சீமெந்து என்று ஓடிப்போய்ப் பார்த்தோம். பெயின்ற் வாளிகள்! கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி வருகிறாராம். தெருப் பக்கச் சுவருக்கு மட்டும் அடிக்கட்டாம்.

அவர் வந்தார். மாலை போட்டோம். படம் எடுத்தார்கள். எங்கள் அதிபர் சத்தம் போட்டுக் கதைக்காத மனிசி. அன்று அவரே முன்னால் போய் நின்று கேட்டார்.

"ஐயா, முன்சுவர் நல்லாயிருக்கோ?"

"ஓம், நல்லாத்தான் இருக்கு."

"அப்ப பின்பக்கமும் ஒருக்கா வாங்கோ. எங்கட பொம்பிளைப் பிள்ளையள் எங்க போகினம் எண்டு காட்டுறன்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிரித்தார். "கவனிக்கப்படும்" என்று பள்ளிக்கூடத்துச் சம்பவப் புத்தகத்தில் அழகாக எழுதிவிட்டு வாகனத்தில் ஏறினார். அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மலசலகூடத்தைக் கடைசியில் ஊர்ச்சனம்தான் கட்டியது. கல் சுமந்தவர்களில் தர்சினியின் தகப்பனும் ஒருவர். தர்சினி அதற்கு முதல் மாதமே கொழும்புப் பக்கம் தையல் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்விட்டாள். "உங்கட பிள்ளைதான் இல்லையே அண்ணை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "மற்றப் பிள்ளையள் இருக்குதுகள்தானே ரீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லைத் தூக்கினார். நான் பிள்ளைகளுக்குச் சமைக்கும் குசினிப் பக்கம் போய் நின்று அழுதேன். அவளுக்கு நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. வசதியுள்ள பள்ளிக்கூடம் தேடிச் சனம் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பத் தொடங்க, மாணவர் தொகை போதாது என்று மூடிவிட்டார்கள். மலசலகூடத்துக்கு மத்தியா மாகாணமா என்று கடைசிவரை முடிவாகவில்லை. மூடச் சொன்ன கடிதத்துக்கு அந்தக் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரே கிழமையில் வந்து சேர்ந்தது.