நைனாவின் முறை நாள்

காலை 7.30. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர்தான். எங்கள் பேருந்து அதற்கே ஒரு மணி நேரம் மூச்சு வாங்கியது. ஆரணி ஆறு வயல்களுக்கு அப்பால் தெரிவதும் மறைவதுமாகக் கூட வந்தது.

பக்கத்து இருக்கையில் தேவி. பசியாவரம் தீவில் மீனவர் வீட்டில் பிறந்து, பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எட்டு மாதம் கழித்து அப்பாவைப் பார்க்கப் போகிறாள். மடியில் அதிரசத் தூக்கு.

"நாளைக்கு எங்க வூட்ல அறுப்பு சார். இன்னிக்கு வுட்டா வர முடியாது. நைனாவோட மொறை நேத்தோட முடிஞ்சிருக்கும், வூட்லதான் இருப்பாரு."

ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. முறை வந்தவர் மறுநாள் காலை வரை வலையை விட்டு நகர மாட்டார். தேவி அந்த முறையை விரல் விட்டு எண்ணிக் கிளம்பியிருந்தாள்.

8.45. டச்சுக்காரர் கல்லறை. வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே, கடல் தாண்டி வந்து ஊர் திரும்பாதவர்களின் பெயர்கள். அவர்கள் ஊரில் யாரெல்லாம் காத்திருந்தார்களோ என்று மனம் கனத்தது.

9.30. படகுத்துறையில் தேவி முகம் வாடி நின்றாள்.

"முந்தாநாள் ஊர்ல ஒரு சாவும்மா," என்றார் படகுக்காரர். "அன்னிக்கு யாரும் ஏரில எறங்கல. மொறை ஒரு நாள் தள்ளிப்போச்சு. உங்க நைனா இன்னிக்குத்தான் பாட்டுல வலையோட நிக்கிறாரு."

ஏரியைச் சுற்றிப் பார்க்க நான் வாடகை பேசியிருந்த படகிலேயே அவளையும் ஏற்றிக்கொண்டேன். வெகு தூரத்திலேயே படகு நின்றது. "இதுக்கு மேல போனா எறா கலைஞ்சிடும்."

இடுப்பளவு நீரில் ஒரு மனிதர். "நைனா!" என்று கத்தினாள். குரலைக் காற்று கொண்டுபோனது. ஆனாலும் அவர் பார்த்துவிட்டார். ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒரு நாள் இருன்றாரு," என்றாள். தானும் ஒரு விரலை உயர்த்தினாள்.

மாலை 3.00. திரும்பும் பேருந்து. தூக்கு அவள் மடியிலேயே இருந்தது. வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லையாம்.

"இருக்கேன்னு பொய் சொல்லிட்டேன் சார். காலைல வந்து தேடுவாரு."

பாதி வழியில் ஆறு சாலைக்குப் பக்கத்தில் வந்தது. தேவி சட்டென்று எழுந்தாள். "அறுப்ப அவங்க பாத்துக்கட்டும். அண்ணா, நிறுத்துங்க!"

இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கப் பேருந்துக்கு நின்றாள்.

அம்பத்தூரில் என் அப்பா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றே நிறுத்தம். "நாளைக்கு வரேம்பா" என்று நான் சொல்லி இரண்டு மாதமாகிறது.