கதவோர நாற்காலி

கங்கப்பன் உட்காரும் முன் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொள்வார். எந்த ஊர் மருத்துவமனையில் கூட்டம் நடந்தாலும் இப்படித்தான். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து இது மாறவில்லை. “அண்ணன் ஓடறதுக்கு ரெடியா இருக்காரு” என்று குழுவிலுள்ள வக்கீல் கிண்டல் செய்வார். “பஸ்ஸ புடிக்கணுமில்லீங்க” என்பார் இவர்.

அவருக்குத் தொரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டம். புறங்கையெல்லாம் முள் கீறல். தண்டு வளைந்ததென்று வியாபாரி கழித்துப் போட்ட பூக்களைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்து வந்து, கூட்டம் நடக்கிற இடத்து நர்ஸிடம் கொடுப்பார். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும். யாராவது இருமினால் “கேட்டுகினுதாங்க இருக்கறேன்” என்று நிமிர்வார்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, போச்சம்பள்ளி என்று சிதறிக் கிடக்கும் சின்ன மருத்துவமனைகள் சில இருக்கின்றன. ஒரு புது மருந்தை நோயாளிகளிடம் ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். தனித்தனியாகக் குழு வைக்க இவற்றுக்கு ஆள் போதாது. அதனால் எல்லாம் சேர்ந்து ஒரே குழு வைத்துக்கொண்டன. அது ஊர் மாற்றி ஊர் கூடும். வர முடியாதவர்கள் திரையில் வருவார்கள். டாக்டர்கள், வக்கீல் ஆகியோருடன் பொதுமக்கள் பக்கத்து ஆளும் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் கங்கப்பன்.

கூட்டத்துக்கு வெகு முன்பே போய் வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து ஆள் தெலுங்கு என்றால் தெலுங்கு, கன்னடம் என்றால் கன்னடம். ஒருமுறை டோக்கன் கொடுக்கிற பெண் இவரையும் நோயாளி என்று நினைத்து எடை பார்த்து, பிரஷர் பார்த்து, டாக்டர் அறை வாசலில் நிறுத்திவிட்டாள். இவரும் பேசாமல் நின்றார்.

கூட்டத்துக்குள் வந்தால் ஒரே கேள்விதான். “ஆராய்ச்சில சேர வேணாம்னு ஒருத்தரு சொல்லிட்டாரு. நாளைக்கி காய்ச்சல்னா இதே டாக்டருகிட்டதான் வரணும். வேற ஆஸ்பத்திரி ஏது நம்ம பக்கம்? அப்ப அவரு மூஞ்சிய எங்க வெச்சிக்குவாரு?”

டாக்டர்கள் அதற்கு ‘மூஞ்சிக் கேள்வி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பழைய எக்ஸ்ரே படங்களை மட்டும் எடுத்துப் பார்க்கிற ஆய்வுக்கும் ஒருமுறை அதையே கேட்டார். “யாரையும் எதுவும் கேக்கவே போறதில்லண்ணா” என்று வக்கீல் சிரித்தார். இவரும் சிரித்தார். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்டார்.

இவர் மனைவி வெங்கடம்மாளுக்குச் சர்க்கரை நோய். இடது கால் கட்டைவிரலை எடுத்தாயிற்று. வலது பாதத்துப் புண்ணை ராயக்கோட்டையில் டாக்டர் பிரியதர்ஷினி பார்க்கிறார். சர்க்கரைப் புண்ணுக்குப் புதுவிதக் கட்டு ஒன்றை ஆராய அந்த டாக்டர்தான் குழுவிடம் அனுமதி கேட்டிருந்தார். கிடைத்தால் வெங்கடம்மாளையும் உடனே சேர்க்கலாம். தள்ளிப்போனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

கூட்டத்தன்று காலையில் வெங்கடம்மாள் காபியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஊரு காலுக்கெல்லாம் காவல் இருக்கிற. எங்காலு எந்தக் கணக்குல வருது? இந்த ஒருவாட்டி வாய மூடிக்கினு தலையாட்டிட்டு வாய்யா.”

ராயக்கோட்டைக்குப் போகிற வழியில், சானமாவுக் காட்டில் யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய, கங்கப்பன் பிரியதர்ஷினியின் ஆய்வுக் காகிதங்களை எடுத்துப் படித்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டரே ஆய்வில் சேர நோயாளியிடம் சம்மதமும் கேட்பார் என்று எழுதியிருந்தது. இரண்டுமுறை படித்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அன்று அவர் நாற்காலியை இழுக்கவில்லை. “எஞ்சம்சாரம் இதுல சேர்றதா இருக்குது. நான் இருந்தா நல்லா இருக்காதுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். குழுவின் விதியும் அதுதான்.

பொதுமக்கள் பக்கம் மிச்சமிருந்தது திரையில் தெரிந்த அனுப்ரியா மட்டும். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை. யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். குழுவில் சேர்ந்ததிலிருந்து “ஓகே சார்” தவிர எதுவும் பேசியதில்லை.

கங்கப்பன் பெஞ்சில் இருந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. இன்றைக்கும் அந்தப் பெண் ஓகே சார் சொல்லிவிட்டால் போதும் என்று மனம் நினைத்தது. அப்படி நினைத்தது அவருக்கே கூச்சமாக இருந்தது. கதவைச் சாத்த எழுந்தபோது, ஆய்வை விளக்க உள்ளே வந்திருந்த பிரியதர்ஷினியிடம் அவள் பேசுவது கேட்டது.

“மேடம், கம்பெனில சூப்பர்வைசரே வந்து ஓவர்டைம் பாக்கறியான்னு கேட்டா நாங்க யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டோம். இதுவும் அப்படித்தானே? நீங்க கேக்காம வேற யாரையாவது உட்டு கேளுங்களேன்.”

கங்கப்பன் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் முடிக்கும்வரை கேட்டார். பிறகு மெதுவாகச் சாத்தினார்.

வேறு மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் வந்து சம்மதம் கேட்கட்டும் என்று பிரியதர்ஷினியே சொன்னார். அப்படி மாற்றி எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி முடிவானது. வீட்டில் அன்றிரவு சோற்றுத் தட்டு தரையில் சத்தமாக உட்கார்ந்தது.

அடுத்த கூட்டத்தில் அனுமதி கிடைத்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த நர்ஸ், வெங்கடம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கிலேயே எல்லாம் சொன்னாள். வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று வெங்கடம்மாள் கேட்டாள். ஒன்றும் ஆகாது, இப்போது கட்டுகிற கட்டையே கட்டுவோம் என்றாள் நர்ஸ். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெங்கடம்மாள் எழுந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கங்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு மாசமா என்னப் போட்டு திட்டின. இப்ப என்னா யோசன?”

“யாரும் அவசரப்படுத்தக் கூடாதுன்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிகினு இருந்த? கம்முனு பஸ் வருதான்னு பாரு.”

அவள் இன்னும் நர்ஸுக்குப் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. புண் ஆறவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. கட்டு மாற்றப் போகிற நாட்களில் பெஞ்சில் கதவோர இடத்தைத் துண்டால் தட்டி அவளை உட்காரவைத்துவிட்டு, அவர் தள்ளி நின்றுகொள்கிறார்.